துட்டிக்கு வராதவ

கொரோனா காலத்தப் பத்தி பேச்செடுத்தாலே ஆளுங்கள ரெண்டு கட்சியாத்தான் பிரிக்காங்க, பயந்தவங்க ஒரு பக்கம் பயப்படாதவங்க ஒரு பக்கம். எனக்கு இது ஒத்துக்கிடவே மாட்டேங்கு. பாளையங்கோட்டையில எங்க வீட்டுலயே அப்ப ஆறு பேரு, நான், வீட்டுக்காரர், பிள்ளைங்க ரெண்டு, அத்தை, கொழுந்தன். இதுல பயப்படாத ஆளுன்னு ஒருத்தர் கிடையாது. ஆனா ஒருத்தர் பயந்த விஷயத்துக்கு இன்னொருத்தர் பயப்படல, அதுலதான் அம்புட்டு சண்டையும்.

வீட்டுக்காரருக்கு பேங்க்ல கவுண்டர் வேலை. 2020 மார்ச் 25ல இருந்து ஊரே பூட்டிக்கிடந்தப்பவும் பேங்க் பூட்டல. ஏப்ரல்ல ஜன்தன் கணக்குல பொம்பளைங்களுக்கு 500 ரூவா போட்டாங்கல்லா, அத எடுக்க காலைல எட்டு மணிக்கே வரிசை ரோட்டுக்கு வந்துரும், வட்டம் வட்டமா சுண்ணாம்புல கோடு போட்டு வச்சா அந்த வட்டத்துல செருப்ப போட்டுட்டு ஆளு போயி மரத்தடியில கூட்டமா உக்காந்துருவாங்களாம். மொத வாரம் இவருக்கு உதறல்தான், சாயங்காலம் வந்தா வாசல்லயே சட்டைய கழத்தி பக்கெட்ல போட்டு பின்னாடி வழியா போயி குளிச்சுட்டுதான் உள்ள வருவாரு. ரெண்டு மாசம் கழிச்சு பாத்தா மாஸ்க் தாடைக்கு இறங்கிட்டு, குளியலும் கை கழுவுறதா சுருங்கிட்டு. என்னங்க இதுன்னு கேட்டா "டெய்லி இத்தன பேரு மூஞ்சிய பாக்கேன், வரணும்னா எப்பவோ வந்துருக்கும்லா"ன்னு சொல்லுவாரு. இத தைரியம்னு நான் சொல்ல மாட்டேன். எப்படியும் போயே ஆகணும்ங்கிற இடத்துக்கு தினமும் பயந்துக்கிட்டே போக மனுசனால முடியாது, அதனால மனசே பயத்த எடுத்து பரண்ல வச்சிருது. கரண்ட் கம்பில வேலை பாக்கவங்க, பாறைக்கு வெடி வைக்கவங்க எல்லாருமே இப்படித்தான இருக்காங்க.

கொழுந்தன் நேர் எதிர். ரெண்டு மாஸ்க், மேல பிளாஸ்டிக் முகமூடி, பாக்கெட்ல சானிடைசர். பால் பாக்கெட்ட சோப்பு போட்டு கழுவுவான், காய்கறிய மஞ்சத்தண்ணில முக்கி மொட்டை மாடில காய வைப்பான், அண்ணன் கொண்டு வர ரூவா நோட்ட அயர்ன் பாக்ஸ் வச்சு தேப்பான், ஒரு 200 ரூவா நோட்டு ஓரம் கருகிப்போயி அத மாத்த நாங்க பட்ட பாடு இருக்கே. இம்புட்டும் செஞ்சுட்டு ராத்திரி ஏசிய போட்டு சன்னல அடைச்சு கூட்டாளிங்க நாலு பேர உள்ள வச்சு கேரம் விளையாடுவான்! அப்ப பேப்பர் டிவி எல்லாம் தொடுறதத்தான பெருசா சொன்னாங்க, காத்துலதான் முக்கியமா பரவுதுன்னு அழுத்திச் சொல்ல நாளாச்சு. அது போகட்டும். இவன் பைக்க எடுத்தா ஹெல்மெட் போட மாட்டான், நாலுவழிச்சாலையில காதுக்கும் தோளுக்கும் நடுவுல போன செருகி பேசிக்கிட்டே போவான். ஏல, இதுல சாவ வாய்ப்பு இல்லியான்னு ஒரு நாள் கேட்டேன். "பைக் என் கையில இருக்கு மைனி, கொரோனா என் கையிலயா இருக்கு"ன்னான். ஹேண்டில் பார் நம்ம கையில இருந்தா எமனும் நம்ம கையிலன்னு ஒரு நெனப்பு.

அத்தை விஷயம்தான் நெசமாவே யோசிக்க வச்சது. அவியளுக்கு எழுபது தாண்டிட்டு, சக்கரை வேற. டிவில யாருக்கு வந்தா ஆபத்துன்னு சொன்னாங்களோ அந்த லிஸ்ட்ல மொத ஆளு அவியதான். ஆனா மாஸ்க் போட மாட்டாவ, நடைல உக்காந்து போற வாரவங்க எல்லார்ட்டயும் பேச்சு. பிள்ளைங்க "ஆச்சி உள்ள வாங்க"ன்னு கத்தினா "ஒங்க கொரோனா என்னைய என்ன செய்யும்"னு ஒரு சிரிப்பு. சரி, சாவுக்கு பயமில்ல போலன்னு நெனச்சுக்கிட்டு இருந்தேன். ஒரு நாள் ராத்திரி பொடிமாஸுக்கு வெங்காயம் உரிச்சுக்கிட்டே சொன்னாவ, "ஏட்டி, சாவுறதுக்கு என்ன, வயசாயிட்டு. ஆனா பொதிஞ்சு கட்டி கொண்டு போயிருவாவளாமே, மூஞ்சிய காட்ட மாட்டாவளாமே, குளிப்பாட்ட கூட விட மாட்டாவளாமே." அதுக்கு மேல பேசல, வெங்காயத்த தட்டுல வச்சுட்டு எந்திச்சு போயிட்டாவ.

அப்பத்தான் வெளங்குச்சு. அத்தைக்கு நோய் ஆபத்து இல்ல. ஆம்புலன்ஸ்தான் ஆபத்து. காய்ச்சல் வந்தா சொன்னாத்தான ஆம்புலன்ஸ் வரும், அப்ப சொல்லாட்டா ஆச்சு! இவிய மட்டும் இல்ல, அந்த வருசம் ஊர்ல பாதிப்பேரு கணக்கு இதான். பாசிட்டிவ்னா தெருவுக்கு தகரம் அடிப்பாங்க, வீட்டுக் கதவுல ஸ்டிக்கர் ஒட்டுவாங்க, கார்ப்பரேஷன்காரங்க பிளீச்சிங் பவுடர தூவிட்டு போவாங்க, தெருவே ஒங்கள மொறைக்கும். அந்த தகரத்துக்கு பயந்து காய்ச்சல டோலோ போட்டு அமுக்கினவங்க எங்க தெருவுலயே உண்டு. அவங்கள பொறுப்பில்லாதவங்கன்னு திட்டுறது லேசு. ஆனா ஆபத்த மறைக்கிறதுக்கு கூலி குடுத்த மாதிரி ஏற்பாட்ட பண்ணி வச்சுட்டு ஆள திட்டி என்ன பிரயோசனம்?

இத்தனைக்கும் அத்தைக்கு ஒதுங்கி இருக்கிறது தெரியாததில்ல. சின்னவளுக்கு அம்மை போட்டப்ப பாக்கணுமே, வாசல்ல வேப்பிலை, வெளி ஆளு நடைக்கு மேல வரக்கூடாது, தாளிக்கக்கூடாது, நாங்க யாரு வீட்டுக்கும் போகக்கூடாது, மூணு தண்ணி ஊத்துற வரைக்கும் வீடு ராணுவ முகாம்தான். இப்ப கவர்மெண்டு சொன்ன தனிமைப்படுத்தலுக்கும் இதுக்கும் என்ன வித்தியாசம்னு கேட்டேன். "அது ஆத்தா வந்து இருக்கது, மரியாதை குடுக்கோம். இது என்ன, சவம்"னாவ. சாமி இல்லாத நோய்க்கு கட்டுப்பட அவியளால முடியல. 2021ல கோயம்புத்தூர் பக்கம் கொரோனா தேவின்னு செலையே வச்சாங்கல்லா, எல்லாரும் கேலி பண்ணாங்க, எனக்கு மட்டும் அது கேலியா படல, அத்தைய கூட்டிட்டு போயி ஒரு கும்பிடு போட வச்சிருந்தா மாஸ்க் போட்டிருப்பாவளோ என்னவோ.

எங்க சித்தி முக்கூடல்ல பீடி சுத்துது. ஊரடங்குல பீடிக்கடை மூடி இலையும் தூளும் குடுக்கல, சித்தி வீட்டுல தட்டு சும்மா செவுத்துல சாஞ்சு கிடந்துச்சு. கடை தொறந்த அன்னைக்கு மாஸ்க் கூட இல்லாம சேலை முந்தானைய மூக்குல சுத்திக்கிட்டு வரிசைல போயி நின்னுச்சு. நான் போன்ல கத்தினேன். "முப்பது வருசமா தூள் நெடிதான் பிள்ள மூச்சு விடுதேன், அதுக்கு நீ ஒரு நாளும் போன் பண்ணலியே"ன்னு கேட்டுச்சு. பதில் சொல்ல எனக்கு ஒண்ணும் வரல. ஆயிரம் பீடிக்குத்தான் கூலி, நாள் கணக்கு கிடையாது, வீட்டுல இருந்தா சம்பளம் வர ஆளுக்கும் சித்திக்கும் ஒரே ஆபத்துன்னு டிவில பேசினவங்க எந்த ஊர்ல இருந்தாங்கன்னு தெரியல.

அப்புறம் பயத்துக்கு ஒரு கெட்ட புத்தி உண்டு, அது ஆள பாத்து போயி ஒட்டும். 2020 மார்ச் கடைசில டெல்லி தப்லீக் மாநாட்டுக்கு போயிட்டு வந்தவங்களுக்கு பாசிட்டிவ்னு மேலப்பாளையத்த அடைச்சாங்க. அதோட எங்க பக்கம் மேலப்பாளையத்து பாய் யாராச்சும் காய் வண்டி தள்ளிட்டு வந்தா தெரு முக்குலயே திருப்பி அனுப்பினாங்க. அப்படி திருப்பி அனுப்பினவங்கள்ல ஒருத்தர் மே 7ல டாஸ்மாக் தொறந்தப்ப வரிசைல முட்டி மோதி நின்னத என் கண்ணால பாத்தேன். அவருக்கு என்ன பயம் அது, சொல்லுங்க.

இன்னொண்ணு. அந்த ஜூன் மாசம் எங்க பக்கத்துல யாரும் மறக்க முடியாது. கடைய நேரம் கழிச்சு தொறந்து வச்சிருந்தாங்கன்னு சாத்தான்குளத்துல போலீஸ் கூட்டிட்டு போன அப்பாவும் மகனும் ஜூன் 22, 23ன்னு அடுத்தடுத்து செத்துப்போனாங்க. அந்த வாரமே, 25ஆம் தேதி, நம்ம இருட்டுக்கடை அல்வா ஓனரு பாசிட்டிவ்னு தெரிஞ்சதும் தன் உயிர தானே மாச்சுக்கிட்டாருன்னு சேதி. டவுன்ல அன்னைக்கு யாரும் யார்ட்டயும் சரியா பேசல. ஒரே வாரத்துல மூணு சாவு, மூணையும் கொரோனா கொல்லல. அதுக்கப்புறம் எங்க வீட்டுக்காரர் கூட சாயங்காலம் சீக்கிரம் வந்துருவாரு, மாஸ்க்க மூக்குக்கு மேல ஏத்தி போட்டாரு. கிருமிக்காக இல்ல, லத்திக்காக. கொரோனாவுக்கு பயந்து மாஸ்க் போட்டவங்கள விட போலீசுக்கு பயந்து போட்டவங்கதான் எங்க ஊர்ல சாஸ்தின்னு நான் அடிச்சு சொல்லுவேன்.

இப்ப துட்டி, அதாவது சாவு வீட்டுக்கு போற விஷயத்துக்கு வாரேன், இத எழுத உக்காந்ததே அதுக்குத்தான்.

ஆடி மாசம் ஒரு சனிக்கிழமை ராத்திரி பாவூர்சத்திரத்துல அத்தையோட கூடப்பிறந்த அண்ணன் தவறிட்டாவ. மாரடைப்பு, கொரோனா இல்ல. திருநெல்வேலிக்காரங்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்ல, மத்தவங்களுக்கு சொல்லுதேன், இங்கன கல்யாணத்துக்கு போகாட்டா கூட காரணம் சொல்லி தப்பிச்சுக்கிடலாம், துட்டிக்கு போகாட்டா ஏழு தலைமுறைக்கு பேசுவாங்க. அதுலயும் கூடப்பிறந்தவ போகணும், தங்கச்சி மகன் போகணும், மருமக கூடப் போயி நிக்கணும். ஆனா 2019 நவம்பர்ல தென்காசிய தனி மாவட்டமா பிரிச்சுட்டாங்களே, நேத்து வரைக்கும் நம்ம ஜில்லாவா இருந்த பாவூர்சத்திரத்துக்கு போக இ-பாஸ் எடுக்கணும். போதாக்குறைக்கு மறுநாள் ஞாயித்துக்கிழமை, அந்த மாசம் ஞாயிறு பூரா முழு ஊரடங்கு. சாவு வீட்டுக்கு 20 பேருக்கு மேல கூடக்கூடாதுன்னு ரூல், போன்ல கேட்டா அங்க ராத்திரியே தெருவு நெறஞ்சுட்டாம்.

நான் வரலன்னு சொல்லிட்டேன். பெரியவளுக்கு வீசிங், மழை காத்து பட்டாலே நெபுலைசர் வைக்கணும், அவள ஆஸ்பத்திரில சேக்குற நெலமை வந்தா அன்னைக்கு பெட்டு கிடைக்குமான்னு யாருக்கும் தெரியாத காலம். வீட்டுக்காரர் ஒண்ணும் சொல்லல. கொழுந்தன் வாய தொறக்கவே இல்ல, ஆனா அவனும் போகல. அத்தைதான் என்னைய ஏறிட்டு பாத்து "எங்கண்ணனுக்கு வராத ஆளு எனக்கு மட்டும் எப்படி வருவ"ன்னு கேட்டாவ. வாழ்நாளுக்கும் போதும் அந்த ஒரு கேள்வி.

இ-பாஸ் விடியக்காலைல கிடைச்சுது, அத்தையும் இவரும் கார்ல போனாங்க. வழியெல்லாம் அத்தை மாஸ்க்க கழத்தவே இல்லியாம், அது அழுத மூஞ்சிய மறைக்கத்தான்னு இவர் சொன்னாரு. அங்க நடந்தத இவர் வந்து சொல்லக் கேட்டதுதான். சனிப்பொணம் தனியாப் போகாதுன்னு பாடையில கோழிக்குஞ்சு கட்டினாங்களாம். அந்த ஊரடங்கு ஞாயித்துக்கிழமைல கோழிக்குஞ்சு எங்க கிடைக்கும், ரெண்டு பேரு பைக்ல அலைஞ்சு எங்கயோ ஒரு வீட்டுல கெஞ்சி வாங்கிட்டு வந்தாங்களாம். மாஸ்க் போட்டவங்கள கேலி பண்ணிக்கிட்டு நின்ன பெரியாளுங்கதான் கோழிக்கு அலைஞ்சது. அடுத்த சாவு நம்ம வீட்டுல விழுந்துரக்கூடாதுங்கிற பயம் அவங்களுக்கும் இருக்கு, அதுக்கு அவங்களுக்குத் தெரிஞ்ச வழி கோழிக்குஞ்சு, எனக்குத் தெரிஞ்ச வழி வீட்டுல இருக்கது. இத சிரிச்சுக்கிட்டு எழுதல, நெசமாத்தான் சொல்லுதேன்.

திரும்பி வந்தப்ப ஒண்ணும் பிரச்சனை இல்ல, துட்டி வீட்டுக்கு போயிட்டு வந்தா தலைக்கு குளிக்காம உள்ள வரக்கூடாதுங்கிறது அத்தையோட சட்டம்தான, எனக்கு சொல்லுற வேலை மிச்சம். அதுக்கு மேல ரெண்டு வாரம் மாடி ரூம்ல இருங்கன்னு நான் சொன்னதுக்குத்தான் பெரிய அவயம். இருந்தாவ, ஆனா தட்ட கதவுகிட்ட வச்சுட்டு நான் இறங்கி வரும்போது "தீட்டுக்காரிக்கு சோறு வந்துட்டு"ன்னு சத்தமா சொல்லுவாவ.

யாருக்கும் ஒண்ணும் ஆகல. அங்க போன கூட்டத்துல எங்களுக்கு தெரிஞ்ச வரைக்கும் யாருக்கும் வரல. உடனே ஆரம்பிச்சுட்டாங்க, "போனோம், ஒண்ணும் ஆகலல்லா?" இந்த "ஒண்ணும் ஆகலல்லா"தான் எனக்கு தாங்க முடியாத பேச்சு. கண்ண மூடிக்கிட்டு பைபாஸ் ரோட்ட தாண்டி அந்தப்பக்கம் போயி சேந்துட்டா ரோட்டுல வண்டியே வரலன்னா அர்த்தம்? தப்பிச்சதும் ஆபத்து இல்லாததும் ஒண்ணு இல்ல. ஆனா அதுக்கு மறுபக்கமும் உண்டு, 2021 மே மாசம் வீட்டுல மொத மொத கொரோனா வந்தது எனக்குத்தான், வாசல தாண்டாத எனக்கு. எங்கேருந்து வந்துச்சுன்னு இன்னைக்கு வரைக்கும் தெரியாது. ஆக்ஸிமீட்டர விரல்ல மாட்டிக்கிட்டு 94க்கு கீழ போகுதா போகுதான்னு பாத்துக்கிட்டு கிடந்தேன், அதே மாடி ரூம், இப்ப தட்டு வைக்கது அத்தை. "பாத்தியா, பயந்தா வராதுன்னு சொன்னியே"ன்னு கேக்க அவியளுக்கு எம்புட்டு ஆசையா இருந்திருக்கும், ஆனா கேக்கல. கேட்டிருந்தாலும் நான் ஒத்துக்கிட்டிருக்க மாட்டேன், கவனமா இருந்தா வாய்ப்பு கொறையும்னுதான் சொன்னேனே தவிர வராதுன்னு நான் எப்ப சொன்னேன்?

ஊசி கதையும் இதே கதைதான். அறுபது தாண்டினவங்களுக்கு 2021 மார்ச் 1ல இருந்து போட்டாங்க, அத்தை நாளைக்கு நாளைக்குன்னு தள்ளிக்கிட்டே வந்தாவ. ஏப்ரல் 15ல நடிகர் விவேக் ஊசி போட்டாரு, 17ல போயிட்டாரு. அவரு நம்ம கோவில்பட்டி பக்கத்து ஆளு வேற, ஊரே அழுதுச்சு, அதோட அத்தை கதவ சாத்திட்டாவ. அப்புறம் குழு போட்டு ஆராஞ்சு ஊசி காரணமில்லன்னு சொன்னாங்க, அத யாரு கேட்டா. இதுல ஒரு நியாயம் அவியளுக்கு இருந்துச்சு, "தானா வந்தா தலையெழுத்து, நானே கைய நீட்டி வாங்கினா?" எல்லாருக்கும் உள்ளூர இருக்கதுதான் இது. சும்மா இருந்து வர கேட்ட விட நாம செஞ்சு வர கேடு பெருசா தெரியும். ஆனா சும்மா இருக்கதும் நாம செய்யுத ஒரு காரியம்தான்னு சொன்னா அத்தைக்கு கோவம் வரும், சொல்லிப் பாத்துட்டேன்.

மே மாசம் ஆக்ஸிஜனுக்கு நாடே அல்லாடினப்ப மகேந்திரகிரி இஸ்ரோவுல ராக்கெட்டுக்கு உண்டான திரவ ஆக்ஸிஜன் லாரில ஏறி ஆஸ்பத்திரிக்கு போச்சு. தூத்துக்குடில 13 பேரு உயிர குடிச்ச துப்பாக்கிச்சூட்டுக்கு அப்புறம் 2018ல மூடின ஸ்டெர்லைட் தாமிர ஆலைய ஆக்ஸிஜனுக்காக மட்டும் தொறக்க சுப்ரீம் கோர்ட் விட்டுச்சு. அங்க இருக்க என் கூட்டாளி ஒருத்தி, வீட்டுல மாமனாருக்கு ஆக்ஸிஜன் தேவைப்படுது, ஆனா "அந்த கேட்டு தொறக்கிறத பாக்க முடியல பிள்ள"ன்னு அழுதா. அவள்ட்ட போயி நீ பயந்தவளா பயப்படாதவளான்னு கேட்டு பாருங்க.

அத்தை கடைசில ஊசி போட்டது நான் படுத்து எந்திச்சதுக்கு அப்புறம். எந்த வெளக்கமும் வேலை செய்யல. ஊசி போட்டா ஆம்புலன்ஸ்ல ஏத்த வேண்டியது வராதுன்னு பெரியவ ஒரு நாள் சும்மா சொல்லி வச்சா. மறுநாள் காலைல "எங்க போடுதாவ"ன்னு கேட்டுட்டு சேலை மாத்திட்டு நின்னாவ. என்ன ஒண்ணு, பிள்ளைக்கு தெரிஞ்சது எனக்கு ஒரு வருசமா தோணல, நான் அத்தைக்கு இல்லாத பயத்துக்கே மருந்து சொல்லிக்கிட்டு இருந்திருக்கேன்.

இன்னைக்கு அதே நெலமை வந்தா போவியான்னு போன மாசம் இவர் கேட்டாரு. போக மாட்டேன். பெரியவளுக்கு இன்னும் வீசிங் இருக்கு. ஆனா அத்தைய போகாதீங்கன்னும் சொல்ல மாட்டேன், அன்னைக்கும் சொல்லல, மாடி ரூமத்தான் சொன்னேன், அதையும் திரும்ப சொல்லுவேன். ஒரு வீட்டுக்குள்ள ஒருத்தர் எடுக்கிற ஆபத்து அடுத்தவர் மேலயும் விழும்னா கதவு ஒண்ணாவது நடுவுல வேணும்லா.

பாவூர்சத்திரத்துக்காரங்க ரெண்டு வருசம் எங்கிட்ட பேசல. போன தை மாசம் அங்கன ஒரு மறுவீட்டு சாப்பாட்டுல பந்தில உக்காந்திருக்கேன், அந்த வீட்டு மைனி சொதி வாளியோட வந்து பக்கத்து இலைக்காரிட்ட என்னைய காட்டி "இவதான் துட்டிக்கு வராதவ"ன்னு சொல்லிச்சு. "ஆமா மைனி, வரல, கொஞ்சம் கட்டியா உருளைக்கெழங்கு பாத்து ஊத்துங்க"ன்னேன். முறைச்சுக்கிட்டேதான் ஊத்துச்சு, ஆனா ரெண்டு கரண்டி.